நடுவில் நிற்காத குரல்

ஜூன் 3
பாடுகிறவர் எப்போதும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், டிவிக்கு நேர் மேலே நின்று பாடுவது போலத்தான் கேட்கும். இன்று வலது பக்கம் ஒதுங்கிவிட்டார். யார் கை வைத்தது? வீட்டில் இருப்பதே நானும் கணவரும். தான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்.

ஜூன் 4
டேப் வைத்து அளந்தேன். தூரத்தில் தப்பில்லை. இரண்டு ஸ்பீக்கரையும் வயரோடு இடம் மாற்றி வைத்தேன். ஸ்பீக்கர் கெட்டிருந்தால் குரல் இடது பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் அறைதான் குற்றவாளி. வலது சுவரோரம் கிடந்த பழைய சோபாவைப் போன வாரம்தான் விற்றோம். இடது பக்கம் சமையலறை வாசல், சத்தம் அதன் வழியே ஓடிவிடும். வலது பக்கம் மொட்டைச் சுவர், வாங்கியதைத் திருப்பி அடிக்கும்.

ஜூன் 6
சுவரில் கெட்டிப் போர்வை தொங்கவிட்டேன். சமையலறை வாசலில் பாதியை அடைத்துப் புத்தக அலமாரி. கணவர் அதில் கால் விரலை இடித்துக்கொண்டார்.
"இது வீடா, குடோனா? எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது."
இவர் காதுக்கு மிக்ஸி சத்தமும் கச்சேரிதான்.

ஜூன் 9
பேச்சுவார்த்தை இல்லை. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் போல, காது அடைக்கிறது.

ஜூன் 11
சாப்பிடும்போது தோளைத் தொட்டார். "மூணு தடவ கூப்பிட்டேன். இன்னும் கோவம் போகலையா?"
எப்போது கூப்பிட்டார்? என் இடது பக்கம்தானே உட்கார்ந்திருந்தார்?

ஜூன் 12
நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அறையில் கோளாறு என்றால் குரல் இப்போது என் இடது கைப் பக்கம் கேட்க வேண்டும்.
வலது பக்கம்தான் கேட்டது.
வலது காதைப் பொத்தினேன். பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது மாதிரி இருந்தது. ஐயோ, ஸ்பீக்கர் இல்ல, சுவர் இல்ல — நான்தான்.

ஜூன் 13
காது டாக்டர் உள்ளே பார்த்தார், பரிசோதனை எடுத்தார். தண்ணீரும் இல்லை, அழுக்கும் இல்லை, நரம்பாம்.
"மொத நாளே வந்திருக்கணும்மா. இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"
அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? கணவர்தான் சொன்னார், "வீட்ல கொஞ்சம் வேல இருந்துச்சு டாக்டர்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 21
மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து தூக்கமில்லை. எரிச்சலை எல்லாம் அவர் மேல் கொட்டுகிறேன்.

ஜூலை 18
இடது காது பாதிதான் திரும்பியதாம். இனி இவ்வளவுதான் என்றார் டாக்டர்.
பாட்டுப் பக்கமே போகாமல் இருந்தேன். இன்று போட்டேன். இடது பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். வெட்கமாக இருந்தது, ஏதோ திருட்டு வேலை செய்வது போல. ஓரிடத்தில் குரல் நகர்ந்து வந்து நடுவில் நின்றது. முழுப் பாட்டையும் கேட்டேன்.
கணவர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முகத்தை இடது பக்கம் திருப்பினார். அவருக்கு எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்துதான் கேட்டிருக்கும்.
"சரி பண்ணிடவா?" என்றேன்.
"வேணாம். இப்பதான் சரியா இருக்கு," என்றார்.