அப்பாவின் மாத்திரை டப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே நாங்கள் பாதி சுகம், மீதியையும் வாங்காமல் நான் விடப்போவதில்லை.

போன வாரம் அப்பாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்து, ஐஸ் வைத்து ஒருவழியாக நின்றது. துருவிக் கேட்டதில்தான் வண்டவாளம் தெரிந்தது, எல்லாம் அவருடைய தாட்சண்யத்தால் வந்த வினை. குடலில் புற்றுநோய் என்றதும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அதைச் சொன்னால் இத்தனை வருஷமாகப் பார்க்கிற நம் தெரு டாக்டர் மனம் நோகும் என்று மறைத்திருக்கிறார். முடி கொட்டிய தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு போய், சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி, வழக்கமான இதய மாத்திரையை வாங்கி வந்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் வேறு மாத்திரை உண்டா என்று கேட்டபோது, திட்டுவார்களோ என்று இல்லை என்றிருக்கிறார். அந்த மாத்திரை ரத்தம் உறையாமல் இருக்க, பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற புற்றுநோய் மருந்தோ ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்களையே குறைப்பது.

மறுநாள் காலை அவரையும் டப்பாவையும் இழுத்துக்கொண்டு போய் தெரு டாக்டரின் மேசையில் கவிழ்த்தேன். அவர் கோபப்படவே இல்லை, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா என்றார். இப்போதே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசுங்கள் என்றேன். அங்கே ஆள் மாற்றி ஆள் லைனில் காக்க வைத்தார்கள், வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும், இரண்டு பேரும் பேசி முடிக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த இதய மாத்திரையை நிறுத்தியாயிற்று. அடுத்த மருந்து ஏற்றுவது ரத்த அணுக்கள் தேறிய பிறகுதான். ரத்தப் பரிசோதனையைத் தெரு டாக்டரே செய்து முடிவை அங்கே அனுப்புவார்.

இன்னொன்று, கவிழ்த்ததில் நீ அப்பாவுக்கு ரகசியமாக அனுப்பிய மூலிகை மாத்திரையும் விழுந்தது. உன் பாசம் எனக்குத் தெரியாதா கண்ணு, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு டாக்டருக்குமே தெரியவில்லை. சாப்பிட்டால் குமட்டுகிறதாம், பிள்ளை ஆசையா அனுப்பினதை எப்படி வேண்டாங்கிறது என்று விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா பயந்திருக்கிறார், நானும்தான். அவருக்கு யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராது, வா என்று கூப்பிடவும் வராது. அதனால் இரண்டையும் நானே சொல்கிறேன். மாத்திரை வேண்டாம். நீ வா.

ஆசிகளுடன்,
உன் அம்மா