இடம் மாறிய இரண்டு மதிப்பெண்கள்

அன்பு மகளே,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், சொன்ன அன்றைக்கே துணி காயப்போட இரண்டு தடவை ஏறிவிட்டாள். நான் போடுகிறேனே என்றதற்கு, "நீங்க போட்டா துணி காயாது, சுருங்கும்" என்று ஒரே போடாகப் போட்டாள். உன் தம்பி வாரம் ஒருமுறை கூப்பிடுகிறான், மூன்று நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடாது, ஆனால் அந்த மூன்று நிமிஷத்துக்குள் சாப்பிட்டீங்களா என்று இரண்டு தடவை கேட்டுவிடுவான்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டியின் பள்ளியிலிருந்து வந்த தாளை நீ போனில் படித்துக் காட்டினாய். இலக்கு எண்பத்திரண்டு, இப்போது அறுபத்தொன்பது, பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டம். உன் குரலே மாறிப்போயிருந்தது. "நீங்க இத்தன வருஷமா இதத்தானேப்பா பண்றீங்க, சொல்லுங்க, நீச்சல் கிளாஸ நிறுத்திடவா" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லையம்மா, சொல்ல வாய் வரவில்லை. ஏழு மாசமாக உன்னிடம் சொல்லாமல் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்கு மட்டும் தெரியும். போனில் சொன்னால் நடுவில் நீ சமாதானம் சொல்வாய், நானும் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துக்கொள்வேன். அதனால்தான் கடிதம். நீச்சல் கிளாஸைப் பற்றி இதைப் படித்து முடித்த பிறகு முடிவு செய்.

முதலில் அந்த இலக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஒரு மாயமும் இல்லை. பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் மொழியிலும் கணக்கிலும் ஒரு நுழைவுச் சோதனை வைப்போம். அதே மதிப்பெண்ணோடு முன்பு சேர்ந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிவில் எவ்வளவு எடுத்தார்கள் என்று பழைய பட்டியல்களில் பார்ப்போம், அந்தச் சராசரிக்கு மேல் கொஞ்சம் சேர்த்தால் அதுதான் அந்தப் பிள்ளையின் இலக்கு. நுழைவு மதிப்பெண்ணிலிருந்து இலக்குக்கு ஒரு கோடு இழுப்போம். ஒவ்வொரு பருவத் தேர்விலும் கோட்டைத் தொட்டால் பச்சை, கொஞ்சம் கீழே என்றால் மஞ்சள், ரொம்பக் கீழே என்றால் சிவப்பு. கெட்ட ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பின் பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கரைந்துபோகிற எத்தனையோ பிள்ளைகளை அந்தச் சிவப்புத்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது. எங்கள் பள்ளியில் அந்தப் பட்டியல் முழுக்க என் பொறுப்பு. கணக்கு வாத்தியார், அவர் கை வைத்தால் தப்பு வராது என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள், முதலெழுத்து மட்டும்தான் வேறு. குழம்பாமல் இருக்க ஆசிரியர்கள் அறையில் நாங்களே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டோம். ஒருத்தி ஓட்டக்காரி, மணியடித்தால் வாசல் வரைக்கும் நடந்து போனதை யாரும் பார்த்ததில்லை, மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம் என்று விளையாட்டு ஆசிரியர் ஆறாம் வகுப்பிலேயே கண் வைத்திருந்தார். இன்னொருத்தி சிரிப்பு, திட்டினாலும் சிரிப்பாள். நுழைவுச் சோதனையில் ஓட்டக்காரி நாற்பத்தாறு, சிரிப்பு எண்பத்தொன்று. நான் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மாற்றி ஏற்றிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மத்தியானம், இரண்டு வரி, பக்கத்தில் ஆறிப்போன டீ. யாரும் அவசரப்படுத்தவில்லை, உடம்பும் சரியாகத்தான் இருந்தது, சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். ஓட்டக்காரி முதல் பருவத்தில் நாற்பத்தேழு எடுத்தாள். பட்டியல்படி எண்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழுக்கு விழுந்துவிட்டாள், கட்டம் ரத்தச் சிவப்பு. எல்லோரும் காரணம் தேட ஆரம்பித்தோம். ஓட்டம்தான் கெடுக்கிறது என்றார் ஒருவர், சரி என்று மாலைப் பயிற்சியை நிறுத்தி அந்த நேரத்தில் தனி வகுப்பில் உட்காரவைத்தோம். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர், அரை நாள் விடுப்புப் போட்டு வந்தவரிடம் வீட்டில் ஏதாவது பிரச்சனையா, வீட்டுக்காரர் குடிப்பாரா என்று நானே கேட்டேன். அந்தம்மா முகம் சுண்டிப்போனது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. "அவரு டீ கூட குடிக்க மாட்டாரு சார்" என்றார். சிரிப்புக்கோ நேர் எதிர். பட்டியல்படி நாற்பத்தாறோடு வந்தவள் முதல் பருவத்திலேயே எழுபத்தெட்டு! மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுத்தோம், மேலதிகாரிகள் பார்வையிட வந்தபோது எங்கள் பள்ளி ஒரு பிள்ளையை எப்படித் தூக்கிவிட்டது பாருங்கள் என்று அவள் கோட்டைத்தான் சுவரில் மாட்டிக் காட்டினோம். ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஓட்டக்காரி ஐம்பது, ஐம்பத்து நான்கு, ஐம்பத்தொன்பது என்று ஏறிக்கொண்டே இருந்தாள், கட்டம் சிவப்பாகவே இருந்தது. சிரிப்பு எழுபத்தாறு, எழுபத்து மூன்று, எழுபது என்று இறங்கிக்கொண்டே இருந்தாள், கட்டம் பச்சையாகவே இருந்தது. நாங்கள் கட்டத்தைப் பார்த்தோம், எண்ணைப் பார்க்கவில்லை.

அவர்கள் பத்தாம் வகுப்பு அரையாண்டு எழுதி முடித்த வாரம், மழையில் ஒழுகுகிறது என்று சாமான் அறையைக் காலி செய்தோம். பழைய நுழைவுச் சோதனை விடைத்தாள் கட்டு ஒன்று ஈரத்தில் ஊறி அவிழ்ந்துகிடந்தது. காய வைக்கலாம் என்று பிரித்தபோது ஒரு தாளில் ஓட்டக்காரியின் குண்டு குண்டான கையெழுத்து, மேலே சிவப்பு மையில் நாற்பத்தாறு. யாரோ தப்பாகக் கூட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், மறுபடி கூட்டினேன், நாற்பத்தாறுதான். அப்புறம் சிரிப்பின் தாளைத் தேடி எடுத்தேன். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், இரண்டு பாடவேளை மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷி, உனக்கே தெரியும். இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு மாசத்துல பரீட்சை சார், இப்பப் போய்ச் சொன்னா ரெண்டு பிள்ளைங்க மனசும் கலைஞ்சிடும், முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அதோடு, "உசந்த இலக்கு வச்சதாலதான் சார் அவ இவ்வளவு ஏறியிருக்கா, அதையும் பாருங்க" என்றார். அது உண்மையாகக்கூட இருக்கலாம், இன்றுவரை எனக்குத் தெரியாது. சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தையும் அவர் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நான் சரி என்று வந்துவிட்டேன். அம்மாடி, இந்த இடத்தை நான் மறைக்கக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன், மனசுக்குள் ஒரு நிம்மதி கூட வந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம், சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். அப்போதும் நான் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெற்றோர் சந்திப்பு. ஓட்டக்காரியும் அவள் அம்மாவும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். சலவை செய்கிற கை, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் தாளை நீட்டினேன், அறுபத்து மூன்று, சிவப்பு. அந்தம்மா தாளை வாங்கவே இல்லை. "அஞ்சு வருஷமா வாங்கிட்டுத்தான் போறேன் சார். இவ எங்கேயிருந்து விழுந்தா, எதுல அடிபட்டு விழுந்தான்னு ஒரு தடவையாவது சொல்லுங்க, பெத்தவ நான் தெரிஞ்சுக்கணும்ல" என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார். மேஜை இழுப்பறையில் இருந்த பழைய விடைத்தாளை எடுத்து முன்னால் வைத்தேன். இதுதான் இவள் எழுதியது, நாற்பத்தாறு, நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன், இவள் விழவே இல்லை, வந்த நாளிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சொன்னேன். அந்தம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்போ நான் விழலையா சார்?" என்று கேட்டாள், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நானும் முட்டாள்தனமாகச் சிரித்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது, அந்த மலர்ச்சி அப்படியே வடிந்தது. "அப்படின்னா நான் ஓடியிருக்கலாம்ல சார்?" என்றாள். அந்தம்மா எழுந்தார். "எம் புருஷனக் குடிகாரனான்னு கேட்டீங்களே" என்று அதை மட்டும் சொல்லிவிட்டு, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சிரிப்பைக் கூப்பிட்டுச் சொன்னேன். வழக்கம்போல முதலில் சிரித்தாள், "அந்தச் சர்ட்டிபிகேட்ட திருப்பிக் குடுக்கணுமா சார்" என்றாள். பிறகு மெதுவாக, "நான் எறங்கிட்டே இருந்தேன், எனக்குத் தெரியும் சார், யாராச்சும் கேப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள். அதைச் சொல்லும்போதும் உதட்டில் சிரிப்பு இருந்தது. உன்னிடம் சொல்வதற்கென்ன, முன்னவளின் கேள்வியைவிட இவளுடைய சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலைமையாசிரியை என்னோடு ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவரே சுவர்ப் படத்தைக் கழற்றினார், அவரே மேலிடத்துக்குத் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார், பட்டியல் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து அறிவியல் ஆசிரியையிடம் கொடுத்தார். சரியாகத்தான் செய்தார். அந்த ஆசிரியை இப்போது ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, அவரவர் மதிப்பெண்ணை அவரவரே பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். கால் மணி நேர வேலை. இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீச்சலை நிறுத்தாதே. பள்ளிக்கு நேரில் போ, சண்டைக்குப் போகிற மாதிரி போகாதே, உட்கார்ந்து கேள். இந்த எண்பத்திரண்டு எந்தச் சோதனையிலிருந்து வந்தது, அந்தத் தாளைப் பார்க்கலாமா, அன்றைக்குக் குட்டிக்கு உடம்பு எப்படி இருந்தது, எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் அவள் தடுமாறுகிறாள் என்று கேள். அவர்கள் பட்டியல் சரியாகவே இருக்கலாம், குட்டி நிஜமாகவே பின்தங்கியிருக்கலாம், அப்படியிருந்தால் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி சொல்லு, வீட்டில் தினம் அரை மணி அவளோடு உட்காரு. ஆனால் சிவப்பு என்கிற வார்த்தையை அவள் காதில் போடாதே. போன வருஷம் வராமல் இருந்து இப்போது வருகிற கணக்கு ஒன்றைச் செய்து காட்டச் சொல், முதலில் அதைப் பார், அப்புறம் வராததைப் பார்க்கலாம்.

போன மாசம் முடிவு வந்தது. சிரிப்பு எழுபத்தைந்து, கடைசி நான்கு மாசம் முட்டி மோதிப் படித்தாள், ஆனாலும் வந்த இடத்துக்குத் திரும்பிச் சேரவில்லை. ஓட்டக்காரி அறுபத்தாறு. அவளுக்கு முறையாக வைத்திருக்க வேண்டிய இலக்கு ஐம்பத்தைந்துதான். இப்போது மறுபடி ஓடுகிறாள், ஆனால் மாவட்ட அணிக்கு எடுக்கிற வயது தாண்டிவிட்டது, விளையாட்டு ஆசிரியர் என்னிடம் அதைப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், பொய்யாகிவிடும். மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவும் பெண்ணுமாக வருகிறார்கள் என்று தெரிந்ததும், முந்தின நாள் வரைபடத் தாளில் அவளுடைய ஐந்து வருஷத்தையும் கையால் வரைந்தேன். நாற்பத்தாறில் ஆரம்பித்துப் பதினாறு புள்ளிகள், நடுவில் இரண்டு இடத்தில் லேசான தொய்வு, மற்றபடி மேலேதான். வண்ணம் எதுவும் அடிக்கவில்லை. அலுவலக வாசலில் வைத்து நீட்டினேன். பெண் ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்து, "இது நான் அம்மை போட்டுப் படுத்திருந்தது" என்று தொய்வு இருந்த ஓர் இடத்தைக் காட்டினாள். அந்தம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பெண்ணின் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கி, பையில் திணிக்காமல், மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல், வாய்விட்டுப் பேசிச் சிரித்துக்கொண்டு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உண்டு. அம்மாவின் முழங்காலுக்கு நீ சொன்ன அந்தப் பட்டையின் அளவை எழுதி அனுப்பு, இங்கே கடைக்காரர் மூன்று அளவு காட்டிக் குழப்புகிறார். பள்ளிக்குப் போய் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி போடு.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா