கொடியில் காய்ந்த கறுப்புத் துணி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கைகளுக்கு முத்தம். மூட்டு வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதானே போடுகிறாய்? நான் நலம்.

இந்தச் சான்டோரினித் தீவில் எனக்குப் படம் எடுக்கும் வேலைகூட இல்லை, இடம் தேடும் வேலைதான். நீலக் கூரைத் தேவாலயங்கள் எல்லார் படத்திலும் வந்துவிட்டனவாம். கல்யாண ஜோடிகளுக்குப் புது இடம் வேண்டுமாம். எரிமலைச் சரிவில் ஏறி இறங்கியே கால் ஓய்ந்துவிட்டது.

போன வாரம் ஒன்று கிடைத்தது. மரூசோ என்ற விதவையின் வீட்டு மொட்டைமாடி, பின்னால் முழுக் கடல். கேட்டதும் சம்மதித்தாள். ஜோடியை அழைத்துக்கொண்டு போனால், கொடி நிறைய அவளுடைய கறுப்புத் துணி!

"கொஞ்சம் எடுத்துடுங்கம்மா, படத்துல நல்லா இருக்காது" என்றேன்.

"மாடியத்தான கேட்ட, துணிய எடுக்கச் சொல்லிக் கேக்கலையே! அப்பா போயிட்டார்னியே, உங்கம்மாவும் அன்னியிலேர்ந்து என்னை மாதிரி கறுப்புதான போட்டிருப்பா? அவளையும் தள்ளி நில்லுன்னு சொல்லுவியா?"

ஜோடி திரும்பிப் போய்விட்டது. முதலாளி கொஞ்சம் கத்தினார், அவ்வளவுதான். நீ கவலைப்படாதே.

காலையில் சரிவில் குளிர்காற்று. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பு, நம் மலைத் தேயிலையும் கொஞ்சம்.

தங்கை வாசோ கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, "இந்தக் கறுப்போட நான் எதுக்குடா, நீங்க நில்லுங்க" என்று நீ ஒதுங்கினாய். நானும் சரியென்று எடுத்துவிட்டேன்.

வாசோவிடம் சொல்லி உன்னை ஒரு படம் எடுத்து அனுப்பு அம்மா. அதே உடுப்பில். இடம் தேடவேண்டாம், அடுப்படி போதும்.

கீழே வண்டி வந்துவிட்டது.

உன் லெஃப்தெரிஸ்