ஆட்டைத் திவசத்துக்கு முன்னே ஒரு புடாபெஸ்ட்

என் வாயாடி வனிக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம். நீ முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ரஞ்சி, கௌரி, நான் மூன்று பேரும் புடாபெஸ்ட் போனோம். ஹோட்டலில்தான் தங்கினோம். யாருடைய வரவேற்பறையிலும் மெத்தை விரித்துப் படுக்கவில்லை, யாருடைய குசினியிலும் வெங்காயம் உரிக்கவில்லை. காலையில் மேசைக்கு வந்த தேத்தண்ணீர் வாயில் வைக்க முடியாத தேத்தண்ணீர். ஆனால் அதை நாங்கள் போடவில்லை என்பதற்காகவே இரண்டு கோப்பை குடித்தேன்.

நீ போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது, வருட முடிவில் வருகிற ஆட்டைத் திவசம் இன்னும் வரவில்லை. செத்தவீடு நடந்த வருடத்துக்குள்ளேயே சிநேகிதிகள் உல்லாசப் பயணம் போவதாவது என்று ஒஸ்லோவில் நான் இருக்கிற எல்லிங்ஸ்ருட்டில் தொடங்கிய கதை ஸ்தவாங்கர் வரைக்கும் போயிற்று. அங்கே இருக்கிற என் மச்சாள் தொலைபேசி எடுத்தாள்.

"மாலாக்கா, கேள்விப்பட்டது உண்மையோ?"

"ஓம், உண்மை."

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சியளோ?"

"கதைக்கட்டும். அதுகளுக்கும் பொழுது போகவேணும்தானே."

நான் இப்படிப் பதில் சொன்னேன் என்றால் நீ நம்பமாட்டாய். நாலு பேருக்கும் சேர்த்து வாய் உனக்குத்தானே இருந்தது? இப்போது அந்த வேலையை யாராவது பார்க்கத்தானே வேண்டும்?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் நாங்கள் நாலு பேரும் ஒரே நோர்ஸ்க் மொழி வகுப்பில், ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு வனி மருத்துவமனைக் குசினிக்குப் போனாள், ரஞ்சி முதியோர் இல்லத்துக்கு, கௌரி குழந்தைகள் காப்பகத்துக்கு, நான் சலவைச்சாலைக்கு. ஐரோப்பா முழுக்கச் சுற்றினோம் என்று பெயர். ஆனால் லண்டன் என்றால் கல்யாணவீடு, பாரிஸ் என்றால் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, ஜெர்மனி என்றால் செத்தவீடு. போய் இறங்கியதும் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக் குசினிக்குள் போய்விடுவோம். ஈபிள் கோபுரத்தை நான் இரண்டு தடவை கார் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறேன்.

ஸ்டோவ்னரில் உன் வீட்டு மேசையில் உன் மகள் ஆரணியின் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நீதான் சட்டம் போட்டாய். "சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத நகரம் வேணும்." சூரிச்? கௌரியின் அண்ணன். கோபன்ஹேகன்? உன் சித்தி. ரோம்? என் மனுசனின் மருமகன், அவனுக்குத் தெரியாமல் வந்தோம் என்று தெரிந்தால் பரம்பரைப் பகை. கடைசியில் உன் விரல் புடாபெஸ்டில் போய் நின்றது. ஒருவருக்கும் அங்கே ஒருவரும் இல்லை. அங்கே சுடுதண்ணீர்க் குளங்கள் இருக்கின்றன, ஆணும் பெண்ணும் வெளிச்சத்தில் இறங்கி நிற்கிறார்கள் என்று நீ ஒரு படத்தையும் காட்டினாய். எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகும்போது கோட்டைக் கழற்றாமல் கரை வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீரில் நாலு பேரும் ஒன்றாக இறங்குகிறோம் என்றாய். "ஓம் ஓம்" என்றோம்.

எத்தனை வருடம் அப்படிச் சொன்னோம்! யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த வருடம் எல்லோருடைய லீவும் ஊருக்குப் போயிற்று. அடுத்த வருடம் என் மகனின் பள்ளிக்கூடச் சோதனை, அதற்கடுத்து ரஞ்சியின் மாமியார். ஒருநாள் உனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. "நீங்கள் சொல்லுறது தமிழ் ஓம் இல்லையடி, நோர்ஸ்க் ஒம்!" என்றாய். நோர்வே மொழியில் 'ஒம்' என்றால் நம்முடைய 'ஆல்'. லீவு கிடைத்தால், சோதனை முடிந்தால், மனுசன் விட்டால். நாங்கள் சிரித்தோம். ஆனால் சரியாகத்தான் பிடித்திருந்தாய்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. மருந்து ஏற்றிவிட்டு வந்து படுத்திருந்த ஒரு பின்னேரம் எங்கள் மூவரையும் கூப்பிட்டாய். "டிக்கெட்டைப் போடுங்கோ. நான் ஏலுமெண்டால் வருவன். ஏலாட்டி நீங்கள் போகவேணும். ஓம் எண்டு சொல்லுங்கோ. எந்த ஓம் எண்டு விளங்குதுதானே?" ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தாய். கௌரி அழுதுகொண்டு சொன்னது கேட்கவில்லை என்று திரும்பவும் சொல்ல வைத்தாய்.

வழக்கப்படி அந்தியேட்டிக்கு உனக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடித்தார்கள். பளபளப்பான தாள், முன்பக்கத்தில் உன் படம், உள்ளே உன்னைப் பற்றிய பாட்டுகளும் உன் மனுசன் சிவம் அண்ணை எழுதின கட்டுரையும். 'அதிர்ந்து பேசாதவர்.' 'பொறுமையின் வடிவம்.' 'இருக்கும் இடம் தெரியாமல் இருந்தவர்.' வேறு யாருடைய புத்தகத்தையோ மாற்றித் தந்துவிட்டார்களோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன் வனி. பக்கத்தில் இருந்த ஆரணி ஒவ்வொரு பக்கமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, இனி எத்தனை வருடம் இந்தப் புத்தகத்தில் இருக்கிற அம்மாவோடு வாழப்போகிறாள்?

பங்குனியில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை, பைக்குள் கடும்நீல நீச்சலுடுப்பு. விலைச்சீட்டுக்கூடக் கழற்றாமல் உன் அலுமாரியில், சீலைகளுக்கு அடியில் இருந்ததாம்.

"அன்ரி, இது ஆரின்ர?"

"உன்ர அம்மாவின்ர."

"அம்மாவுக்கு நீந்தத் தெரியாதே. அம்மா இப்பிடி உடுப்பெல்லாம் போடமாட்டாவே!"

புடாபெஸ்ட் கதையைச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். அம்மாவின் டிக்கெட் சும்மா போகிறது, அவள் பெயரில் இருக்கிறதை மாற்றமுடியாது, ஆனால் உனக்குப் புதிது எடுக்கலாம், நீ வா பிள்ளை என்று கேட்டேன். "அப்பாவைத் தனிய விட்டிட்டு வரேலாது, ஆட்டைத் திவசமும் முடியேல்லை" என்றாள். போகும்போது பையை என் மேசையிலேயே விட்டுவிட்டாள். "அப்பா கண்டால் ஆருக்கும் குடுத்துப் போடுவார். உங்களிட்டை இருக்கட்டும்."

அன்றைக்குத்தான் எனக்கு முடிவு வந்தது. அதுவரைக்கும் வாக்குக் கொடுத்தோமே என்றுதான் போவதாக இருந்தேன். அதற்குப் பிறகு யார் மறித்தாலும் போவது என்று இருந்தேன்.

குளம் நீ காட்டிய படத்தில் இருந்தபடியே இருக்கிறது வனி. சுற்றிவர மஞ்சள் கட்டடம், மேலே திறந்த வானம், தண்ணீரில் இருந்து ஆவி. நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு கிழவர்கள் சதுரங்கம் விளையாடுகிறார்கள்.

ஆனால் நீ எப்போதும் அதைக் 'குளிக்கிற இடம்' என்றுதானே சொல்வாய்? அந்தச் சொல் செய்த வேலையைக் கேள். உடுப்பு மாற்றுகிற இடத்தில் இருந்து கௌரி வெளியே வந்தாள். ஊரில் கிணற்றடிக்கு வருகிற மாதிரியே, பூப்போட்ட சீத்தைத் துணியில் குறுக்குக்கட்டு. ஒரு கையில் சவுக்காரப் பெட்டி, மறு கையில் ஷாம்பூ, தோளில் துவாய். வெள்ளை மேலங்கி போட்ட காவல்காரப் பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் ஹங்கேரிய மொழியில் கத்த, கௌரி தமிழில் கத்தினாள். "குளிக்கத்தானே வந்தனாங்கள்? சவுக்காரம் இல்லாமல் என்னெண்டு குளிக்கிறது?"

ரஞ்சிக்குச் சிரிப்பில் நிற்க முடியவில்லை, நிலத்திலேயே இருந்துவிட்டாள். நான் என் பைக்குள் இருந்து உன் நீல உடுப்பை எடுத்தேன். அதைக் கொண்டு வந்தது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

"இதைப் போடு."

கௌரிக்கு முகம் மாறிவிட்டது. "மாலா, செத்தவையின்ர உடுப்பெல்லோ?"

"அவள் ஒருநாளும் போடாத உடுப்பு. சீட்டு இன்னும் தொங்குது, பார். இதைப் போட்டுக்கொண்டு இறங்கு, இல்லாட்டிக் கரையிலை இரு. எங்களுக்குக் கரையிலை இருந்தது போதும்."

ரஞ்சி எழும்பி வந்து சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள். கௌரி போட்டுக்கொண்டு வந்தாள். இறுக்கம்தான், மூச்சு விடவே கஷ்டப்பட்டாள். மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். உன் செத்தவீட்டால் வந்து தலைக்குத் தோய்ந்ததுக்குப் பிறகு உன் பேரால் நாங்கள் தண்ணீரில் நின்றது அங்கேதான்.

பக்கத்தில் ஒரு கிழவர் ஒரு காயைப் பிடித்தபடி வெகுநேரமாக யோசித்துக்கொண்டிருந்தார். "வனி இருந்திருந்தால் இவருக்கு எந்தக் காயை நகர்த்திறதெண்டு சொல்லிக் குடுத்திருப்பாள், விளையாட்டே தெரியாமல்" என்றாள் ரஞ்சி. சிரித்தோம். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. முகத்தில் தண்ணீர் இருப்பதால் அழுவது யாருக்கும் தெரியாது என்றாள் கௌரி. தெரிந்தால்தான் என்ன?

திரும்பி வந்த அடுத்த நாளே ஆரணி எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்துவிட்டாள். கமராவில் படங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கரையில் நின்ற ஒரு பெண் எடுத்த படம் ஒன்று, மூன்று பேரும் வாய் பிளந்து சிரிக்கிறோம். அதில் நின்றுவிட்டாள்.

"அம்மா வந்திருந்தால் இப்பிடிச் சிரிச்சிருப்பாவோ?"

"இப்பிடியோ? உன்ர அம்மா சிரிச்சால் அடுத்த தெருவுக்கும் கேக்கும்."

கமராவை மேசையில் வைத்தாள். "நான் ஒருநாளும் கேட்டதில்லை அன்ரி. வீட்டிலை அம்மா சத்தமாச் சிரிச்சதே இல்லை."

வனி, உன்னில் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். எல்லாச் சிரிப்பையும் எங்களிடம் கொட்டிவிட்டு, பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் வைக்காமல் போனாயோ? பிறகுதான் யோசித்தேன். சிவம் அண்ணைக்கு நோர்வேக்கு வந்த நாளில் இருந்து இரவு டாக்ஸி ஓட்டம். பகல் முழுக்க அவர் நித்திரை, நீங்கள் எல்லோரும் நுனிக்காலில் நடை, கதைப்பதெல்லாம் குசுகுசுப்பு. களைத்து உழைத்த மனுசன் தூங்கட்டும் என்று நீ குரலை அடக்கினாய். அதிலேயே அந்தப் பிள்ளை வளர்ந்தது. கல்வெட்டில் அவர் பொய் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த வனியைத்தான் எழுதினார். மற்ற வனி எங்களிடம் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

டி-பானெ ரயிலில் ஒருவன் கௌரியைப் பார்த்து உன் நாட்டுக்குப் போ என்றபோது, நாலு வினைச்சொல் மட்டும் தெரிந்த நோர்ஸ்க்கில் நீ அவனை அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்ட கதையை ஆரணிக்குச் சொன்னேன். உன் பிழைகளோடேயே சொன்னேன். இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தப் பிழைகள் ஒவ்வொன்றும் விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் சிரிப்பு இல்லை அது, அவளுடையது. அதுவும் கொஞ்சம் சத்தம்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் வீட்டுக்கு வருவாள். ரஞ்சியும் கௌரியும் வருவார்கள். நீ சொல்லவேண்டாம் என்று எங்களிடம் சத்தியம் வாங்கின கதைகளையும் சொல்லப்போகிறோம், டென்மார்க் கப்பலில் நீ பிடித்த சிகரெட் உட்பட. கோவித்தால் கோவி. சிவம் அண்ணையையும் ஒருநாள் கூட்டிவந்து இருத்துவேன், அவரும் கேட்கட்டும். ஆட்டைத் திவசம் முடிந்ததும் ஆரணியைக் கூட்டிக்கொண்டு நாலு பேராகப் புறப்படுவோம், நகரத்தை அவளே தெரிவு செய்யட்டும். அந்தப் புத்தகத்தில் இருக்கிற அம்மாவோடு மட்டும் உன் பிள்ளையை நான் விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னோடு பிறக்காத உன் அக்கா,
இனி உன் மகளுக்கு அன்ரி இல்லை, பெரியம்மா,
மாலா