பின்வாசலுக்கு ஒரு பூட்டு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகமா இருக்கோம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் அந்தக் குளிர் ஒத்துக்கிச்சான்னுதான் இங்கே தினமும் பேச்சு. இங்கத்திய சேதி என்னன்னா, புது மார்க்கெட் கட்டிடம் திறந்தாச்சு. நடைபாதையில விக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் வாடகை இல்லாம உள்ளே கடைன்னு மார்க்கெட் அதிகாரி சொன்னதும் உங்கம்மாவுக்குத் தலைகால் புரியலை, தைச்ச குழந்தைச் சட்டைகளை அள்ளிக்கிட்டு இனி மழைக்கு ஓட வேண்டாமே. எனக்குத்தான் உறுத்தல். சும்மா கொடுக்கிற மனுஷன் எதுக்கு இவ்வளவு சிரிக்கிறார்? பூட்டு ரிப்பேர் பண்ணிப் பண்ணி உங்களுக்கு யார் மூஞ்சியைப் பார்த்தாலும் கள்ளச்சாவி ஞாபகம்தான்னு உங்கம்மா கிண்டல்.

போய்ப் பார்த்தேன். பெரிய கடைங்க எல்லாம் கார் நிறுத்துற முன்பக்கம், இவங்களுக்குப் பின்பக்கம். சரி, பின்வாசல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத்தானே இருக்கு, இவங்க வாடிக்கையும் பஸ்ல இறங்குற சனம்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். மறுநாள் அந்த அதிகாரியே என் கடைக்கு வந்து, பின்வாசலுக்கு நல்ல கனமான பூட்டா ஒண்ணு போட்டுக் கொடுங்கன்னார். எப்ப திறப்பீங்கன்னு கேட்டேன். திறக்கவா பூட்டுப் போடறோம்னு சிரிச்சார். கண்டவங்களும் உள்ளே வர்றது முன்பக்கக் கடைக்காரங்களுக்குப் பிடிக்கலையாம். கைவலின்னு சொல்லி அனுப்பிட்டு நேரா உங்கம்மாகிட்ட வந்து சொன்னேன். இந்தத் தடவை அவ கிண்டல் பண்ணலை.

விடிஞ்சு பார்த்தா பின்வாசல் உள்பக்கம் தாழ் போட்டுக் கிடக்கு. உடனே பூக்காரம்மா, மீன்காரம்மா, உங்கம்மா எல்லாரும் சரக்கோட போய் முன்வாசல்லயே கடை விரிச்சுட்டாங்க. கார்ல வந்தவங்களுக்குக் கால் வைக்க இடமில்லை. அதிகாரி சத்தம் போட்டதுக்கு, எங்க வாசலை மூடினா உங்க வாசல்தானே ஐயா எங்களுக்குன்னு மீன்காரம்மா கேட்டாங்களாம். மத்தியானத்துக்குள்ள பின்வாசல் திறந்தாச்சு. இப்ப உங்கம்மாவுக்குத் தைச்சு மாளலை, பூக்காரம்மா மருமகளையும் கூடத் தைக்கச் சேர்த்துக்கிட்டா.

ஆனா அதிகாரி இப்பவும் என்னைக் கண்டா சிரிக்கிறார். ஊர்ல நான் ஒருத்தன்தானா பூட்டுக்காரன்? அதனால தினமும் போய் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்துட்டுத்தான் என் கடையைத் திறக்கிறேன். நேத்து போனா, எனக்கு முன்னாடியே உங்கம்மா அங்கே நின்னு தள்ளிப் பார்த்துக்கிட்டிருக்கா. என்னைக் கண்டதும் காத்து வாங்க வந்தேன்னு சொல்றா.

ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு வாழணும். கழுத்து வலிக்கு டாக்டரைப் பாருன்னு சொன்னேனே, பார்த்துட்டு எழுது. பார்க்காமலே பார்த்தேன்னு எழுதினா எனக்குத் தெரிஞ்சுடும்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா