அன்வர் விட்டுச் சென்ற கடற்கோட்டை

அன்வர், என் தங்கமே, கழுதையே,

இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போவார்களா? மஞ்சள் காமாலை என்று படுத்தாய், பத்தியச் சோற்றைத் திட்டினாய், ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டாய். நாங்கள் பிடித்த கடற்கோட்டையைச் சுற்றி எதிரிக் கப்பல்கள் அப்படியே நிற்கின்றன. உள்ளே நாங்கள் மூன்று பேர். அடுத்து என்ன செய்வதென்று ஒன்றும் புரியவில்லை.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் ஆம்பூர் தோல் ஃபேக்டரிக்கு மெஷின் பொருத்த வந்த ஜெர்மன்காரர் உனக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டி அதற்குள் வாள்சண்டை போட வேண்டும். அவர் சொன்ன மந்திரவாதியும் மாவீரனும் உனக்குப் பிடிக்கவில்லை.

நீயே வேஷங்களை உண்டாக்கினாய். எனக்குத் தோல் தரம் பிரிக்கிறவன் வேஷம். யாரைத் தொட்டாலும் அவர் வாழ்க்கையில் பட்ட கீறல் எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். குடியாத்தம் தனபால், காற்றையே நூலாக்கிக் கப்பல் பாய் நெய்கிற நெசவாளி. ஆபீஸ் டைப்பிஸ்ட் மெர்சி உப்புக்காரி. அவள் உப்பைத் தூவினால் எந்தக் காயமும் சீழ் பிடிக்காது.

பாலாறு கரைபுரண்டு ஓடும், ஆம்பூர் வரைக்கும் கப்பல் வரும் என்று நீ ஆரம்பித்ததும் நான் சிரித்துவிட்டேன். "இன்னாடா சிரிக்கற? என் கதை, நான் தண்ணி உடுவேன். உனுக்கு இன்னா பேஜாரு?" என்றாய்.

கடைசியாக ஆடிய அன்று, நான் சைக்கிளை எடுக்கும்போது என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாய். "நம்ம ஆளுங்கள்ல துரோகி நீதாண்டா. கோட்டைக் கதவத் தொறந்து உடப்போறவன் நீதான். யார்கிட்டயும் மூச்சு உடாத."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெறும் விளையாட்டுதான். இருந்தாலும், மூன்று பேரில் என்னை ஏன் பொறுக்கினாய்? என்னைப் பார்த்தால் உனக்கு அப்படியா தோன்றியது? ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோதெல்லாம் கேட்க நினைப்பேன், கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

போன ஞாயிறு தனபால் ரூமில் கூடினோம். நான் போட்டு உடைத்துவிட்டேன். "துரோகி நான்தான்."

தனபால் முறைத்தான். "அப்ப என்கிட்ட இன்னாத்துக்கு நீதான்னு சொன்னான்?"

மெர்சிக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. "என்கிட்டயும் அதேதான் சொன்னாரு!"

என்ன கணக்குடா இது? "ஜாஸ்தி யோசிக்காத, யார்கிட்ட சொன்னோம்னே மறந்துட்டிருப்பான்" என்கிறான் தனபால். எங்களில் யார் நிஜமாகவே கதவைத் திறக்கிறார் என்று பார்க்க நினைத்தாய் என்கிறாள் மெர்சி. எனக்கு இரண்டும் சரியாகப் படுகிறது, இரண்டும் தப்பாகவும் படுகிறது. உன்மேல் கோபம் வருகிறது. கோபம் முடிவதற்குள் அழுகை வந்துவிடுகிறது.

வரும் ஞாயிறு மறுபடி உட்காருகிறோம். கதையை மாற்றி மாற்றி நாங்களே சொல்லிக்கொள்வோம். துரோகிகள் மூன்று பேரும் கோட்டைக்கு உள்ளேதான் இருக்கிறோம். ஒருவரும் கதவைத் திறக்கமாட்டோம், சத்தியம். உன் கதை கெட்டால் கெடட்டும்.

உன் தோஸ்த், கூடப்பிறக்காத அண்ணன்,
சேகர்