பங்காளி மரங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

இங்கே ஒருவருடைய பிளம் தோப்பு வருஷா வருஷம் பூக்கும், காய்க்காது. இந்த முறையும் ஏமாற்றினால் வெட்டிவிடுவதாக இருந்தார். போய்ப் பார்த்தேன். எல்லாமே ஒரே மரத்து ஒட்டு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத ரகம்.

“எல்லாம் பங்காளிங்க. எப்படிச் சம்பந்தம் நடக்கும்?” என்றேன்.

“அப்போ மாப்பிள்ளைய நீங்களே கூட்டிட்டு வாங்க” என்றார்.

வேறு ரகத்துப் பூங்கிளைகளை வாளித் தண்ணீரில் நிறுத்தி, மரங்களுக்கிடையே வைத்தேன். மீதியைத் தேனீக்கள் பார்த்துக்கொண்டன. இப்போது கிளையெல்லாம் பிஞ்சு. எத்தனை நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கோடரியை யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டார்.

பழம் பார்க்காமல் போகக் கூடாதென்கிறார். அதனால் ஊருக்கு வருவது சற்றுத் தள்ளும். நீங்கள் படித்து முடித்த செய்தித்தாள்களை அனுப்புங்கள். செய்திகளைத் திட்டி ஓரத்தில் நீங்கள் எழுதியதை அழிக்க வேண்டாம். தபால்காரர் காத்திருக்கிறார்.

உங்கள் மகள்